கொட்டாரம் என்ற பெயரில் எத்தனை எழுத்து?

கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள ஊர் கொட்டாரம். இந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று தொடக்கப்பள்ளி மாணவனைக் கேளுங்கள். கொ, ட், டா, ர, ம் என்று விரல்விட்டு எண்ணி, 5 என்பான். யூனிக்ஸ் வழிவந்த ஒரு வழங்கிக் கணினியைக் கேளுங்கள், 9 என்னும். அதே கணினியை வேறு விதமாகக் கேட்டால் 27 என்னும். வேறொருவர் வேறு முறையில் தட்டச்சு செய்து தந்த அதே பெயருக்கு 10 என்றும் 30 என்றும் விடை வரலாம்.

இவற்றில் எதுவும் பொய்யன்று. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவையால் அளந்து சொன்ன விடை. ஒரே நெற்குவியலை மரக்காலால் அளந்தவரும் தராசில் நிறுத்தவரும் வெவ்வேறு எண்களைத்தானே சொல்வார்கள்? ஆனால் எந்த அளவையால் அளந்தோம் என்பதை மறந்துவிட்டுக் கணக்கெழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். அலகு எழுதாத விடைக்கு இயற்பியல் தேர்வில் முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. நம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நூலகங்களிலும் இயங்கும் வழங்கிகளோ, பெரும்பாலும் அலகு எழுதாமலேயே தமிழைக் கையாண்டு வருகின்றன. இதற்குப் பொறுப்பு யாருடையது என்பதை இங்கே ஆராய்வோம்.

யூனிக்ஸ் செய்த நன்மை

முதலில் யூனிக்ஸுக்கு உரிய நியாயத்தை வழங்கிவிட வேண்டும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கி வைத்த இந்த இயக்க அமைப்பு, கோப்புப் பெயர்களைப் பற்றி மிகச் சில விதிகளையே வைத்திருந்தது. பெயர் என்பது பைட்டுகளின் ஒரு வரிசை. அதில் இரண்டு பைட்டுகள் மட்டும் வரக்கூடாது: சுழியம் ஒன்று, அடைவுகளைப் பிரிக்கும் சாய்கோட்டின் எண்ணான 47 மற்றொன்று. மற்றபடி அந்தப் பைட்டுகள் எந்த மொழியின் எந்த எழுத்தைக் குறிக்கின்றன என்று அமைப்பின் கருப்பகுதி கேட்பதில்லை.

இந்த அக்கறையின்மை பின்னால் பெரும் நன்மையாக முடிந்தது. 1992 செப்டம்பரில், நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் அமர்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்சன் ஒரு புதிய குறியீட்டு முறையை வரைந்தார். உடன் இருந்தவர் ராப் பைக். இன்று உலகமெங்கும் வழங்கும் யு.டி.எஃப்-8 முறை அதுவே. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறிக்கு மூன்று. 'க' என்பது 224, 174, 149 என்று மூன்று பைட்டுகளாகும். இம்மூன்றும் 127-க்கு மேற்பட்டவை என்பதைக் கவனியுங்கள். இம்முறையில் எந்தப் பிறமொழி எழுத்தின் உள்ளும் 127-க்கு உட்பட்ட பைட்டு வராது. ஆகவே தடைசெய்யப்பட்ட சுழியமும் 47-உம் தமிழ்ப் பெயருக்குள் தவறியும் நுழைய மாட்டா. கருப்பகுதியில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் யூனிக்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது இப்படித்தான்.

ஆனால் ஏற்றுக்கொள்வது வேறு, புரிந்துகொள்வது வேறு. புரிந்துகொள்ளும் வேலையை யூனிக்ஸ், 'லோகேல்' எனப்படும் வட்டார அமைவிடம் ஒப்படைத்திருக்கிறது. பைட்டுகளை எழுத்தாகப் படிப்பது எப்படி, எழுத்துகளை வரிசைப்படுத்துவது எப்படி, செய்திகளை எந்த மொழியில் காட்டுவது என்பவற்றை அது தீர்மானிக்கிறது. அதை அமைப்பவர் நிர்வாகி. அமைக்காமல் விட்டால் 'சி' என்ற பழைய அமைவு நிற்கும். அதற்கு ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த நிலையில் கோப்புகளைப் பட்டியலிடும் பழைய கட்டளை, கொட்டாரம் என்ற பெயருக்குப் பதிலாக 27 கேள்விக்குறிகளைத் திரையில் நிறுத்தும். புதிய பதிப்புகள் கேள்விக்குறிகளை விட்டுவிட்டு எண்களைக் கொட்டும். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

ஒரே பெயர், இரு கோப்புகள்

கேள்விக்குறியாவது கண்ணுக்குத் தெரியும் குறை. கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று உண்டு.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடு முறையில் இரு வகையாக எழுதலாம். 'க'வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு வகை. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அச்சிலும் வேறுபாடு தெரியாது. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் பைட்டுகளாகப் பார்த்தால் முன்னது 27, பின்னது 30.

பைட்டுகளை மட்டுமே பார்க்கும் வழக்கமான லினக்ஸ் கோப்பமைப்புக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஆகவே ஒரே அடைவில் 'கொட்டாரம்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே இருக்க முடியும். வாய்ப்புள்ளவர்கள் நீங்களே செய்து பார்க்கலாம். ஒன்றில் இந்த ஆண்டின் பட்டியல், மற்றொன்றில் சென்ற ஆண்டின் பட்டியல் இருந்தால், எதைத் திறந்தோம் என்று யாருக்குத் தெரியும்? 'கிரெப்' கட்டளையால் பெயரைத் தேடினாலும் இதே கதைதான். ஒரு வகையில் தேடினால் மற்ற வகையில் எழுதிய பெயர் அகப்படாது. பட்டியலில் பெயர் உள்ள ஒருவரைப் பார்த்து, "உங்கள் பெயர் இல்லை" என்று கணினி சொல்லிவிடும். கொடியரசன், சோமு, பொன்னம்மாள், கோலப்பன் என்று ஒகர, ஓகாரக் குறி வரும் எல்லாப் பெயர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இரண்டாம் வகை எங்கிருந்து வருகிறது? சில தட்டச்சு முறைகளிலிருந்தும், பழைய எழுத்துருக்களில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றும் சில நிரல்களிலிருந்தும் வருகிறது. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பமைப்போ, பெயர்களைப் பிரித்து வைப்பதையே விதியாகக் கொண்டிருந்தது. அங்கிருந்து கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பிரிந்த வடிவமும் கூடவே வந்து சேரும்.

பெயரின் நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பரவலாக வழங்கும் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. "கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டம் கொட்டாரம் பேரூராட்சி சொத்துவரி நிலுவைப் பட்டியல்" என்று ஒரு கோப்புக்குப் பெயரிடுவதாக வைத்துக்கொள்வோம். 82 குறிகள், 8 இடைவெளிகள். 82-ஐ மூன்றால் பெருக்கி 8-ஐக் கூட்டினால் 254 பைட்டு. கடைசியில் ஆண்டைச் சேர்க்கக்கூட இடமில்லை. இதில் வரும் 'கொ', 'சொ' இரண்டும் பிரிந்த வடிவில் இருந்தால் 260 ஆகிவிடும். கோப்பு உருவாகவே செய்யாது. ஒரே பெயர் ஓர் ஊழியருக்குச் செல்கிறது, மற்றவருக்குச் செல்லவில்லை என்றால், காரணம் புரியாமல் அவர்கள் கணினியைத்தான் திட்டுவார்கள்.

அகராதிக்கு ஒவ்வாத வரிசை

அடுத்து, அகர வரிசை. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டகத்தில் அடுக்கிய இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றித் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்தச் சட்டகத்தில் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற' என்று அமைந்துவிட்டன. நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் இறுதியில் நிற்பவை.

விளைவைப் பாருங்கள். அகராதி வரிசைப்படி மரம், மலை, மனம் என்று வரவேண்டிய சொற்களை, 'சி' அமைவில் இயங்கும் வழங்கி மனம், மரம், மலை என்று அடுக்கும். புள்ளிக் குறியின் எண் மெய்களின் எண்களைவிடப் பெரியது. ஆதலால் 'கட்டு' என்ற சொல்லுக்கு முன் 'கடல்' வந்துவிடும். நம் அகராதியில் 'கட்டு'தான் முந்தியது. நீண்ட பட்டியலில் ஒரு பெயரைக் கண்ணால் தேடுபவர், இருக்க வேண்டிய இடத்தில் பார்த்துவிட்டு, இல்லை என்று திரும்பிவிடுவார்.

எண் வரிசையும் அகர வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது கட்டாயமில்லை. வரிசைப்படுத்துவதற்கென்றே வட்டார அமைவில் தனிப் பகுதி உண்டு. இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி அமைவுகளும் லினக்ஸில் உள்ளன. கருவி கைவசம் இருந்தும் அதைப் பொருத்தாமல் விடுவதே குறை.

வேறு குறியீடு வேண்டுமா?

யூனிகோடின் இந்தக் குறைகளைக் கண்டுதான், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழறிஞர் சிலர் உருவாக்கினர். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-இல் தமிழக அரசு யூனிகோடுடன் அதையும் தரமாக அறிவித்தது. அதன் சிறப்பை மறுக்க முடியாது. அம்முறையில் கொட்டாரம் 5 எழுத்துதான், யு.டி.எஃப்-8 வழி எழுதினாலும் 15 பைட்டுதான். வரிசையும் நெடுங்கணக்குப்படியே வரும்.

ஆனால் அந்த எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உள்ளவை. அங்கே யாரும் எதையும் வைத்துக்கொள்ளலாம். 'இது தமிழ் எழுத்து' என்று உலகிலுள்ள எந்த யூனிக்ஸ் கருவிக்கும் தானாகத் தெரியாது. நம் வீட்டுக்குள் மட்டும் செல்லும் நாணயத்தைக் கொண்டு சந்தையில் பொருள் வாங்க முடியுமா? இரு வடிவங்களால் ஏற்கனவே குழம்பும் வழங்கியில் மூன்றாவது வடிவம் ஒன்றைச் சேர்ப்பது நோயைப் பெருக்குமேயன்றித் தீர்க்காது. குறியீட்டைக் குறைகூறிக்கொண்டே அமைவைக் கவனிக்காமல் விட்டுவிடுவதற்கு அது ஒரு சாக்காகவும் ஆகிவிடும்.

மேசைக் கணினியில் தமிழைக் கொணர்வதில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், இந்திய மொழிகளில் திரையைக் காட்டியது. தன்னார்வலர் பலர் பட்டியல்களையும் செய்திகளையும் பொறுமையுடன் தமிழாக்கினர். அந்த உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் திண்ணையில் தமிழ், அடுக்களையில் கேள்விக்குறி என்ற நிலை பல இடங்களில் தொடர்கிறது.

நிர்வாகி என்ன செய்யலாம்?

'சி' அமைவு வேகமானது. எந்த இயந்திரத்திலும் ஒரே விடை தரும். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் இருந்தால்தான் ஆராய எளிது என்று நிர்வாகிகள் சமாதானம் சொல்வார்கள். மூன்றும் உண்மையே. ஆனால் வட்டார அமைவு ஒரே விசையன்று. பல விசைகள் கொண்ட பலகை. செய்தியின் மொழி, எழுத்தைப் படிக்கும் முறை, வரிசை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விசை உண்டு. செய்தியை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, எழுத்தைப் படிப்பதை மட்டும் யு.டி.எஃப்-8 ஆக்கலாம். 'சி.யு.டி.எஃப்-8' என்ற இடைவழி அமைவே உண்டு. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.35 பதிப்பில், 2022-இல் அது முறையாகச் சேர்க்கப்பட்டது. எல்லா விசைகளையும் ஒரே அடியில் 'சி'க்குத் திருப்பும் வரியைக் கட்டளைத் தொகுப்பின் தலையில் ஆராயாமல் எழுதுவதைத்தான் கைவிட வேண்டும்.

இரண்டாவது, வாசலிலேயே சோதனை. வெளியிலிருந்து வரும் பெயர்களைச் சேமிக்கும் முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கோப்புப் பெயர்களை மாற்ற 'கான்வ்எம்வி' என்ற கருவி உள்ளது. 2019-இல் வந்த லினக்ஸ் 5.2 முதல், எக்ஸ்ட்4 அடைவு ஒன்றை இரு வடிவங்களையும் ஒன்றாகவே கருதும்படியும் அமைக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் இது தீர்க்காது. 2005-இல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்தபின், 'ஸ்ரீ' என்பதைக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாமல் இரு வகையாக எழுத முடிகிறது. விதிப்படி அவை சமமும் அல்ல. அவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது, தரவுத்தளம். போஸ்ட்கிரஸ் போன்றவற்றில் வரிசை முறையைத் தளத்தை உருவாக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. 2018-இல் ஜிலிப்சி 2.28 பதிப்பு வரிசை விதிகளைத் திருத்தியபோது, பழைய விதிப்படி கட்டிய சுட்டுவரிசைகள் பிழைபடும் நிலை ஏற்பட்டு, அவற்றை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. மேம்படுத்தும் முன் இதை எண்ணிப் பார்ப்பது நிர்வாகியின் கடமை.

நான்காவது, இரவுப் பணி. பகலில் நிர்வாகி கையால் இயக்கும்போது சரியாக ஓடிய நிரல், 'கிரான்' ஏவும்போது இரவில் தவறலாம். கிரான் ஏவும் பணிகளுக்குப் பல இயந்திரங்களில் பகலின் அமைவுகள் போய்ச் சேர்வதில்லை. காப்பு நகல் எடுக்கும் நிரலே தமிழ்ப் பெயரில் இடறினால், அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

கடைசியாக, ஆசிரியர்களாகிய எங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். யூனிக்ஸ் செய்முறை வகுப்புகளில் எல்லாக் கோப்புகளுக்கும் ஆங்கிலப் பெயரையே இடச் சொல்கிறோம். அந்த வகுப்பில் எந்தத் தவறும் நேர்வதில்லை. ஆகவே எதையும் கற்பதும் இல்லை. மாணவர்களே, உங்கள் ஊர்ப் பெயரைக் கணினியில் எழுதுங்கள். எழுத்தை எண்ணச் சொல்லுங்கள், பைட்டை எண்ணச் சொல்லுங்கள். கட்டு, கடல், மரம், மலை, மனம் என்னும் ஐந்து சொற்களை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். விடை எதுவானாலும், எந்த அமைவில் பெற்றது என்பதையும் அருகில் எழுதுங்கள்.

பெயர் தவறினால் மனிதர் தவறிவிடும் காலம் இது. வரி கட்டியவர், தேர்வு எழுதியவர், நூல் இரவல் வாங்கியவர் ஆகியோரின் இருப்பு ஒரு பட்டியலில் தங்கியிருக்கிறது. அந்தப் பட்டியலைக் காக்கும் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியவில்லை என்றால், அது இயந்திரத்தின் குற்றமன்று. கற்றுக்கொள்ளும் வசதியை அதற்குள் வைத்தே கொடுத்திருக்கிறார்கள். கற்பிக்க வேண்டியவர்கள் நாம்தான்.