சட்டத்துக்கு இயைந்தது எது? ஆங்கில அடைமொழிகள் மூன்றின் சமூகப் பொருள் பற்றிய ஒரு நோக்கு

1

சட்டத்தோடு இயைந்திருத்தலைக் குறிப்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று அடைமொழிகள் பெருவழக்கிலுள்ளன. ‘லீகல்’, ‘லோஃபுல்’, ‘லெஜிற்றிமேற்’ என்பன அவை. நமது பத்திரிகைகளும் மொழிபெயர்ப்புகளும், ஏன், ஆய்வுக் கட்டுரைகளுங்கூட, இம்மூன்றையும் ‘சட்டபூர்வமான’ என்னும் ஒரே சொல்லாற் பெயர்த்து அமைதி காண்கின்றன. இது கலைச்சொற் பஞ்சத்தின் விளைவா, அன்றிக் கருத்துநிலைக் குழப்பத்தின் வெளிப்பாடா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். சொல்லொன்றின் பொருள் அகராதியில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. சமூக உறவுகளினூடே அது தீர்மானிக்கப்படுகின்றது. இதனை றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட ‘கீவேட்ஸ்’ என்னும் நூல் நமக்குத் தெளிவுறுத்தியுள்ளது. அந்நெறி நின்றே இவற்றை அணுக முயல்கின்றோம்.

2

முதலில் வழக்கினை நோக்குவோம். ‘லீகல்’ என்பதற்கு இரு பொருள்கள் உள. ஒன்று, சட்டந் தொடர்பான என்பது. சட்ட ஆலோசகர், சட்ட வரலாறு என்னும் தொடர்களில் இப்பொருளே பயில்கின்றது. மற்றையது, சட்டம் தடைசெய்யாத என்பது. இவ்விரண்டாம் பொருளில் இச்சொல் சட்டத்தின் எழுத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்கின்றது. ஒரு செயல் நன்றா தீதா என்பது பற்றி அது யாதும் கூறுவதில்லை.

‘லோஃபுல்’ என்பதன் வீச்சு சற்று வேறானது. ஒரு செயலுக்குச் சட்டத்தின் அதிகாரம் உண்டா என்பதை அது வினவுகின்றது. எனவே ஒருவர் குற்றமெதுவும் இழையாதபோதும் அவரது செயல் இவ்வடைமொழியை இழத்தல் கூடும். 2019 செப்ரெம்பர் 24ஆந் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம், நாடாளுமன்றத்தை ஒத்திவைக்குமாறு பிரதமர் அரசிக்கு வழங்கிய ஆலோசனை பற்றித் தீர்ப்பளித்தபோது ‘அன்லோஃபுல்’ என்ற சொல்லையே ஆண்டது. எவரும் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. ஆயினும் அச்செயலுக்குச் சட்ட ஆதாரமில்லையெனவும் அது வெறுமையானதெனவும் கொள்ளப்பட்டது.

‘லெஜிற்றிமேற்’ என்பதோ சட்டத்தின் எல்லையைக் கடந்து நிற்பது. உரிமை, நியாயம், ஏற்புடைமை ஆகியவற்றை அது கோருகின்றது. ஆயின் அதன் தோற்றம் அத்துணை உயர்வானதன்று. ஆங்கிலத்தில் அது முதன்முதல் வழங்கியது மணவுறவிற் பிறந்த பிள்ளையைக் குறிப்பதற்கே. தந்தையின் சொத்து யாருக்குரியது என்னும் வினாவே இச்சொல்லை ஈன்றது எனலாம். ‘லீகல்’ என்பதற்கும் இத்தகைய வரலாறு உண்டு. அதற்கு மூலமான இலத்தீன்சொல், பழம் பிரெஞ்சு மொழியினூடாக, ‘லோயல்’ என்ற வடிவிலும் ஆங்கிலத்தை வந்தடைந்தது. சட்டத்துக்கு இயைதலும் தலைவனுக்கு விசுவாசமாயிருத்தலும் நிலமானிய சமுதாயத்தில் ஒரே வேரிற் கிளைத்தவை என்பது தற்செயலன்று.

3

இவ்வேறுபாடுகளை இலக்கணகாரருக்கு முன்னரே கலைஞன் உணர்ந்திருந்தான். சேக்ஸ்பியரின் ‘மெஷர் ஃபோ மெஷர்’ நாடகத்தில் விபசார விடுதித் தரகனாகிய பொம்பி விசாரிக்கப்படும் காட்சி இங்கு கருதத்தக்கது. உன் தொழில் சட்டத்துக்கு இயைந்ததா என்று எஸ்கலஸ் வினவுகின்றார். சட்டம் இடங்கொடுத்தால் இயைந்ததே என்ற கருத்துப்பட அவன் விடையிறுக்கின்றான். வினாவிலுள்ள அடைமொழி அறத்தின் கனத்தைத் தாங்கி வருகின்றது. விடையோ அக்கனத்தை உதறிவிட்டு எழுத்துச் சட்டத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றது. அவையோர் நகைக்கலாம். ஆயின் அந்நாடகத்தில் அஞ்சலோ செய்வதும் அதுவே. நெடுங்காலம் உறங்கிக் கிடந்த சட்டத்தை எழுப்பிக் கிளோடியோவுக்கு மரணதண்டனை விதிக்கும் அவன், எழுத்தளவிற் பிழை செய்தானல்லன். அதே குற்றத்தைத் தானே புரிய விழையும்போதுதான் அவனது சட்டத்தின் உட்பொருள் அம்பலமாகின்றது. தரகனுக்கும் ஆட்சியாளனுக்கும் இடையே இவ்வொற்றுமையை நிறுவியமையே நாடகத்தின் கூர்மையாகும்.

‘லியர் அரசன்’ நாடகத்தில் வரும் எட்மண்டின் தனிமொழி பிறிதொரு சான்று. மணவுறவுக்குப் புறம்பே பிறந்த அவன், ‘லெஜிற்றிமேற்’ என்னும் சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்து அதன் புனிதத்தைக் கலைக்கின்றான். அச்சொல்லின் அடியில் நிலம் கிடக்கின்றதென்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் அவன் நாடுவது அந்நிலத்தைத் தானடைவதற்கேயன்றி, அவ்வொழுங்கை மாற்றுதற்கன்று. சொல்லின் வேடத்தைக் கண்டுகொண்டவன் தவிர்க்கவியலாதபடி புரட்சியாளனாகிவிடுவதில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

4

மாக்சியர்க்கும் இவ்விடயத்திற் கற்கவேண்டியன உள. இளம் மாக்ஸ் 1842இல் ‘றைனிஷ் சைற்றுங்’ இதழில் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி எழுதிய கட்டுரைகள் ஒரு பெயரிடல் பற்றிய விமரிசனமாகவும் அமைகின்றன. காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்குதல் ஏழைகளின் வழக்குரிமையாயிருந்தது. நிலவுடைமையாளர் நலன் கருதி அதற்குத் திருட்டு என்று பெயரிட முனைந்தபோது, திருட்டல்லாததைத் திருட்டெனக் கூறும் சட்டம் தானே பொய்யுரைப்பதாகின்றது என மாக்ஸ் வாதிட்டார்.

ஆயின் இதிலிருந்து, சட்டம் என்பதே ஆளும் வர்க்கத்தின் கருவி, ஆதலால் அடைமொழிகளிடையே வேறுபாடு தேடுவது வீண் என்ற முடிவுக்கு நம்மிற் சிலர் விரைந்தனர். ஈ. பீ. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வு இவ்வவசர முடிவை மறுத்தது. காட்டுவாசிகளைத் தூக்குமேடைக்கு அனுப்பிய 1723ஆம் ஆண்டின் ‘கறுப்புச் சட்டத்தை’ விரிவாக ஆராய்ந்த பின்னரும், சட்டத்தின் ஆட்சி ஒரு வெறும் முகமூடியன்று என அவர் முடிவுகண்டார். நீதியுடையதாகத் தோன்ற விரும்பும் சட்டம் சிற்சில வேளைகளில் ஆள்வோரையும் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும்.

சட்டத்துக்கு அப்பால் நின்று நியாயப்பாடு கோருவோர் ஒடுக்கப்பட்டோர் மட்டுமல்லர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1999ஆம் ஆண்டின் நேட்டோ குண்டுவீச்சைச் சட்டத்துக்குப் புறம்பானதெனவும், ஆயினும் ‘லெஜிற்றிமேற்’ எனவும் 2000ஆம் ஆண்டிற் கொசோவோ பற்றிய சுயாதீன சர்வதேச ஆணைக்குழு மதிப்பிட்டது. இவ்வடைமொழி வல்லரசுகளுக்கும் பயன்படும்.

5

இனி, இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று என்பதை நமது வரலாறே காட்டுகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், பிறப்பை மட்டும் போதுமானதாகக் கொள்ளாது, தந்தைவழி மூதாதையர் இந்நாட்டிற் பிறந்தமையை வேண்டி நின்றது. பிறப்புப் பதிவுகளே அரிதாயிருந்த தோட்டங்களில் அதனை நிரூபித்தல் எளிதன்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஒரு சமூகத்தார்க்கு மாத்திரம் தகைமையீனம் விதிக்கும் சட்டங்களைச் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தடைசெய்திருந்தது. அப்பிரிவைத் துணையாகக் கொண்டு தொடுக்கப்பட்ட கோடகன்பிள்ளை வழக்கில், தன் பிரஜைகள் யாரெனத் தீர்மானிப்பது அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதெனக் கூறி, 1953இற் கோமறைக் கழகம் அச்சட்டங்கள் செல்லுபடியானவை எனத் தீர்த்தது. 1964இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இத்தொழிலாளர் 9,75,000 பேர் என மதிப்பிடப்பட்டு இரு அரசுகளிடையே பங்கிடப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இப்பிரச்சினை நீடித்தது.

பறிப்பும் ‘லீகல்’, அரை நூற்றாண்டின் பின் மீள வழங்கியதும் ‘லீகல்’. இவ்விரண்டையும் ‘சட்டபூர்வமான’ என்றே எழுதும் மொழி, அவற்றிடையே உள்ள நீதியின் இடைவெளியை மறைத்துவிடுகின்றது. அதுமட்டுமன்று. செயலுக்குரிய அடைமொழி மனிதர்மேல் ஏற்றப்பட்டதையும் நாம் கண்டோம். தலைமுறைகளாக இம்மண்ணில் உழைத்தோரைக் ‘கள்ளத்தோணி’ என்று அழைத்த வாய்களில் தமிழ் வாய்களும் இருந்தன. சட்டவிரோதமாயிருத்தல் செயலுக்கே இயலும், மனிதருக்கன்று என்னும் நெறியை அமெரிக்காவின் அசோசியேற்றட் பிறெஸ் நிறுவனம் 2013இற்றான் தன் நடைக்கையேட்டிற் சேர்த்தது. அந்த இலக்கணத்தை நமது மலையகம் தன் வாழ்வால் முன்னரே எழுதியிருந்தது.

6

எனவே, சட்டந் தொடர்பானதைச் ‘சட்டஞ்சார்’ எனவும், சட்டம் தடைசெய்யாததைச் ‘சட்டம் அனுமதிக்கும்’ எனவும், ‘லோஃபுல்’ என்பதைச் ‘சட்டமுறையான’ எனவும், ‘லெஜிற்றிமேற்’ என்பதை ‘நியாயப்பாடுடைய’ எனவும் வேறுபடுத்தி ஆளலாம் என்பது நமது கருத்து. ‘முறை’ என்னும் சொல் ஒழுங்கையும் நீதியையும் ஒருங்கே சுட்டுவது. கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் ஆணை அரச அதிகாரத்துக்கு உட்பட்டதே; ஆயினும் தக்க விசாரணையின்றி இடப்பட்டமையால் அது முறை பிழைத்தது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் முழுவதும் இவ்வேறுபாட்டின்மீதே நிற்கின்றது.

அடைமொழிகளைச் செம்மையாக ஆளுதல் சமுதாயத்தை மாற்றிவிடாது. ஆயின், செல்லுபடியாவதெல்லாம் நீதியன்று என்று சொல்லமுடியாத மொழியில் மாற்றத்துக்கான கோரிக்கையையும் எழுதவியலாது. ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் இப்பொறுப்பிலிருந்து விலகி நிற்றல் தகாது.