கிளிக் கணக்கும் ஸ்பிரிங் கணக்கும்

“ஸ்பிரிங்கு டைட்டாப் போட்டா சாக்கையும் டைட்டு வெச்சிருங்” என்பது கோவைப் பக்கத்துக் கார்ப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கு. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை எஸ். கரிவர்தன் உருவாக்கிய ஊர் இது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரிலேயே 2.1 கிலோமீட்டர் பந்தயத்தடம் இருக்கிறது. பந்தயக் களத்தில் புழங்கும் பழக்கங்கள் இங்கே வீட்டுக் கார்களுக்கும் வந்து சேர்வதில் வியப்பில்லை. விறைப்பான ஸ்பிரிங்கும், குமிழைத் திருகி இறுக்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பரும் அப்படி வந்தவைதான். இரண்டையும் சேர்த்தே இறுக்க வேண்டும் என்ற விதியின் திசை சரி. எவ்வளவு இறுக்குவது, எந்தப் பக்கம் இறுக்குவது என்பதில்தான் அது சறுக்குகிறது.

முதலில் அதன் நியாயத்தைப் பார்ப்போம். ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ உடல் எடை உட்கார்ந்திருக்கிறது, அங்கே ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூலை நொடிக்குச் சுமார் 1.4 முறை மேலும் கீழும் ஆடும். கம்பெனி ஷாக் அப்சார்பர், ஆட்டமே இல்லாமல் நின்றுவிடத் தேவையான தணிப்பில் 30 விழுக்காட்டைத் தருகிறது என்றால், ஒரு முழு ஆட்டம் முடியும்போது வீச்சில் 14 விழுக்காடுதான் மிஞ்சும். இப்போது ஸ்பிரிங்கை மட்டும் 30 நியூட்டனுக்கு ஏற்றினால் ஆட்டம் நொடிக்கு 1.7 முறை ஆகிறது. பழைய ஷாக் அப்சார்பரின் தணிப்பு 30 விழுக்காட்டிலிருந்து 24, 25க்கு இறங்குகிறது. ஓர் ஆட்டத்துக்குப் பின் 20 விழுக்காடு வீச்சு மிஞ்சி நிற்கிறது. விறைப்பான ஸ்பிரிங் போட்ட கார் வேகத்தடையைத் தாண்டியதும் துள்ளிக்கொண்டே போவது இதனால்தான். ஆகவே, ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு ஷாக் அப்சார்பரைத் தொடாமல் விடுபவரைவிட, குமிழை நாலு கிளிக் ஏற்றச் சொல்லும் மெக்கானிக் விவரமானவர். அதில் சந்தேகமில்லை.

ஆனால் எவ்வளவு ஏற்றுவது? ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு ஆனால் தணிப்பும் ஒன்றரை மடங்கு ஆக வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் தேவையான தணிப்பு ஸ்பிரிங் விறைப்பின் வர்க்கமூலத்தோடுதான் வளர்கிறது. மேலே சொன்ன காருக்கு 50 விழுக்காடு விறைப்புக்கு 22 விழுக்காடு தணிப்பு கூடினால் பழைய நிலை திரும்பிவிடும். ஸ்பிரிங்கை இரட்டிப்பாக்கினால்கூட 41 விழுக்காடுதான் தேவை. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தும் ‘கட்டிங்’ பழக்கத்துக்கும் இதே கணக்கு. செயல்படும் ஆறு சுற்றில் ஒரு சுற்றை வெட்டினால் மிச்ச ஸ்பிரிங் 20 விழுக்காடு விறைப்பாகிறது, தணிப்புத் தேவை ஏறுவதோ ஏறத்தாழ 10 விழுக்காடு. ஆனால் வெட்டிய காரில்தான் குமிழைக் கடைசிவரை திருகுகிறார்கள். காரணம் எளிது: கார் தாழ்ந்துவிட்டது, மேடுகளில் அடி தட்டுகிறது, ஷாக் அப்சார்பரை இறுக்கினால் தாங்கும் என்று நம்புகிறார்கள். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதற்கு உள்ளதல்ல. எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி அசைவின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் அதன் வேலை. நகராமல் நிற்கும்போது, உள்ளே அடைத்த வாயுவின் சிறு உந்தலைத் தவிர, அதிலிருந்து எந்த விசையும் வராது. உயரம் ஸ்பிரிங்கின் பொறுப்பு. அமுங்கும் எல்லையில் இருக்கும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை மிஞ்சியிருக்கும் இடம் குறைந்துவிட்ட காரைக் கிளிக்குகளால் மீட்க முடியாது.

எந்தப் பக்கத்தை இறுக்குவது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. சக்கரம் மேலே ஏறும்போது ஷாக் அப்சார்பர் அமுங்குவது ஒன்று, ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும்போது நீள்வது (ரீபவுண்ட்) இன்னொன்று. விறைப்பான ஸ்பிரிங் அமுங்கும்போது தானே கூடுதல் எதிர்ப்பைக் கொடுக்கிறது. நீளும்போதோ கூடுதலாகச் சேமித்த ஆற்றலைக் கூடுதல் விசையோடு திருப்பித் தருகிறது. எனவே கூடுதல் கட்டுப்பாட்டில் பெரும்பகுதி ரீபவுண்ட் பக்கம்தான் வேண்டும். பல ஒற்றைக் குமிழ் ஷாக் அப்சார்பர்கள் பெரிதும் ரீபவுண்டை மட்டுமே மாற்றுவது இதற்காகத்தான். சில வகைகளில் ஒரே குமிழ் இரண்டையும் சேர்த்தே இறுக்கும். எது தன் கையில் இருக்கிறது என்று தெரியாமல் திருகுபவர், விறைப்பான ஸ்பிரிங் மேல் அமுங்கும் பக்கத்தையும் இறுக்கி, சின்னக் கல்லையும் முதுகெலும்புக்கு அனுப்பிவைக்கிறார். ரீபவுண்டுக்கும் எல்லை உண்டு. கேத்தனூர் காற்றாலைக் காடுகளின் மண்பாதைகளில் நடக்கும் ராலியை எடுத்துக்கொள்வோம். அந்த மாதிரித் தடங்களில் மேடுகள் அடுத்தடுத்து வரும். ரீபவுண்ட் மிகை என்றால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுதாக நீளுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மேட்டுக்கு மேடு கார் தாழ்ந்துகொண்டே போய் பம்ப் ஸ்டாப்பில் உட்காரும். அப்போது ஓட்டுநர் ஸ்பிரிங் போதவில்லை என்று நினைத்து இன்னும் விறைப்பானதைப் போடுவார், கிளிக்கும் ஏறும். இந்தச் சுழலிலிருந்து பலர் வெளியே வருவதேயில்லை.

கையாலும் காதாலும் பழகியவருக்குக் கணக்கு எதற்கு, ஓட்டிப் பார்த்தால் தெரியாதா என்பது வலுவான ஆட்சேபம். இறுதித் தீர்ப்பு ஓட்டுநருடையதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்பு ஏமாறும். விறைப்பை வேகம் என்றும், அதிர்வைப் பிடிப்பு என்றும் எடுத்துக்கொள்ளும். செட்டிபாளையத்தில் ஸ்டாப்வாட்ச் அந்த மயக்கத்தைத் தெளிவிக்கிறது. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட்டுபவர் எவருமில்லை, இருக்கவும் கூடாது. வளைவின் நடுவே பெயர்ந்த தாரில் சக்கரம் ஒரு நொடி தரையை விடுவதை ஓட்டுநர் காரின் துடிப்பு என்று ரசித்துக்கொண்டிருப்பார். இன்னோர் ஆட்சேபம்: வர்க்கமூலக் கணக்கு பாடப்புத்தகத்துக்கு உரியது, உண்மையான ஷாக் அப்சார்பரின் விசை வேகத்தோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. சரிதான். ஆனால் அது கணக்கைத் தள்ளிவிடுவதற்கான காரணமல்ல, ஷாக் அப்சார்பரை அளக்க வேண்டும் என்பதற்கான காரணம். கிளிக் என்பது ஓர் அளவே அல்ல. ஒரு கம்பெனியின் நாலு கிளிக் இன்னொன்றின் ஒன்றரையாக இருக்கலாம். ஒரே பெட்டியில் வந்த ஜோடியிலேகூட இடதும் வலதும் ஒரே கிளிக்கில் வேறு விசை காட்டலாம். எண்ணெய் சூடேறி இளகினால் எல்லாமே இறங்கும். ஆயில் சீல் தேய்ந்து கசியும் பழைய ஷாக் அப்சார்பரில் கிளிக் எண்ணுவது வெறும் சடங்கு.

அளக்காமல் கிளிக் எண்ணும் இந்தப் பழக்கம் நடக்கிற இடம் கோவை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மோட்டார் பம்புக்குப் பெயர் போன ஊர் இது. எத்தனை மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று சோதனை மேடையில் வளைகோடு வரைந்து காட்டாமல் இங்கே நல்ல பம்பு எதுவும் வெளியே போவதில்லை. அதற்கென்றே சிடார்க் போன்ற சோதனைக் கூடமும் ஊருக்குள் இருக்கிறது. செட்டிபாளையம் தடத்தில் நடக்கும், மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டியிலும், இந்த ஸ்பிரிங்கை ஏன் தேர்ந்தாய், தணிப்பு எவ்வளவு என்று கல்லூரி மாணவரை நடுவர்கள் குடைகிறார்கள். இத்தனை அளவுப் பழக்கம் இருக்கும் ஊரில், விலைகொடுத்து வாங்கும் ஷாக் அப்சார்பருக்கு மட்டும் கிளிக்கும் கைவாகும் போதும் என்பது நியாயமில்லை. செலவாகும் என்பார்கள். ஒவ்வொரு கார்க்காரரும் சோதனை மேடை வைக்க வேண்டியதில்லை. விற்பவரோ பொருத்தும் பட்டறையோ ஒருமுறை அளந்து, ஒவ்வொரு கிளிக்குக்கும் எவ்வளவு விசை என்ற தாளைக் கையில் கொடுத்தால் போதும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். ஸ்பிரிங் மாற்றப் போகிறவர்கள் முதலில் மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று பழையதற்கும் புதியதற்கும் கேளுங்கள். குமிழ் எந்தப் பக்கத்தை மாற்றுகிறது என்று கேளுங்கள். மென்மையான முனையிலிருந்து ஒவ்வொரு கிளிக்காக ஏறி, துள்ளல் அடங்கிய இடத்தில் நிறுத்திவிடுங்கள். முதல் கேள்விக்கே எண் சொல்லத் தெரியாத கடையில் ஸ்பிரிங் வாங்காதீர்கள்.