செல்ஃப் எடுக்காத விமானம்

ஊட்டி காந்தலில் டிசம்பர் காலையில் அலாரம் தேவையில்லை. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற இடம். குருசடி பக்கம் யாராவது ஜீப்பைக் கிளப்பினால் நாலு சந்துக்கும் தெரியும். கிளம்பாவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். 'ர்ர்ர்... ர்ர்... ர்...' என்று செல்ஃப் இழுக்கும், எடுக்காது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இழுக்கும். முகம் தெரியாத அந்த டிரைவருக்காகப் போர்வைக்குள் படுத்திருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். கடைசியில் 'டுப்... டுடுப்... டுடுடுடு' என்று பிடித்துக்கொண்டதும் சமையலறையிலிருந்து என் அக்கா, "அப்பாடா, எடுத்துருச்சு" என்பாள்.

போன டிசம்பரில் அப்படி ஒரு ஜீப் கிளம்பிப் போன அரை மணி நேரத்தில் அக்கா மகன் என்னை மாடிக்குக் கூப்பிட்டான். கம்ப்யூட்டரில் ஒரு டகோட்டா விமானம் நின்றுகொண்டிருந்தது. ஃப்ளைட் சிமுலேட்டர். காசு கொடுத்து, பழைய போர் விமானங்களின் எஞ்சின் சத்தங்களை மட்டும் தனியாக வாங்கி வைத்திருக்கிறான். "மாமா, இதைக் கேளுங்க. நிஜ விமானத்துல மைக் வெச்சு எடுத்தது" என்று இரண்டு பட்டன்களைத் தட்டினான். ஸ்பீக்கர் அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எஞ்சின் கிளம்பிவிட்டது.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். "இன்னொரு தடவை போடு."

போட்டான். அதே சத்தம். மூன்றாவது தடவையும் அட்சரம் பிசகாமல் அதே இருமல், அதே இடத்தில் அதே 'டப்'. எனக்கு ஒரு தடவைகூட மூச்சு நிற்கவில்லை. குறை எங்கே என்று அன்று முழுக்க யோசித்தேன். அந்த யோசனைதான் இந்த வாரக் கட்டுரை. விமானம் ஓட்டாதவர்களும் படிக்கலாம். ஸ்கூட்டரைச் சாய்த்து உதைத்த அனுபவம் போதும்.

பழைய விமானங்கள் எப்படிக் கிளம்பின? டைகர் மாத் என்ற பயிற்சி விமானத்துக்கு ஸ்டார்ட்டரே கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுண்டிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். விலகாவிட்டால் கை போகும். ஹார்வர்டிலும் டகோட்டாவிலும் வேறு முறை. முதலில் மின்மோட்டார் ஒரு சின்ன, கனமான சக்கரத்தைச் சுழற்றி வேகம் ஏற்றும். 'ம்ம்ம்ம்ஈஈஈ' என்று சுருதி ஏறிக்கொண்டே போகும். உச்சத்துக்கு வந்ததும் இன்னொரு சுவிட்ச். சக்கரத்தின் வேகமெல்லாம் எஞ்சினில் கோக்கப்படும். முனகலோடு சுருதி இறங்க, புரொப்பெல்லர் திடுக்கிட்டுத் திரும்பும். சில விமானங்களில் துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு கார்ட்ரிட்ஜ். வெடித்தால் அந்த வாயுவின் அழுத்தம் எஞ்சினைச் சில சுற்று திருப்பிவிடும். அதற்குள் பற்றிக்கொண்டால் சரி. இல்லையென்றால் அடுத்த தோட்டா.

டகோட்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதினான்கு சிலிண்டர்கள் வட்டமாக, இரண்டு வரிசையாக இருக்கும். வட்டம் என்றால் சில சிலிண்டர்கள் தலைகீழாகத்தானே இருந்தாக வேண்டும்? நின்றிருக்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து அவற்றில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே ஏதாவது உடையும். அதனால் முதலில் ஆட்கள் புரொப்பெல்லரைக் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். பிறகுதான் ஸ்டார்ட்டர். மிச்சமிருக்கிற எண்ணெய் எரிந்து வரும் புகைதான் சினிமாவில் நாம் பார்த்து மயங்குகிற அந்த வெண்புகை.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான். பதினான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஏழு முறை வெடிக்கும். ஸ்டார்ட்டர் அதை நிமிடத்துக்கு 30 சுற்று திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு மூன்று, நான்கு வெடிப்பு. காதால் எண்ணலாம். எஞ்சின் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு வந்தால் வினாடிக்கு 70. இனி எண்ண முடியாது. வெடிப்புகள் ஒன்றாகக் கலந்து ஒரு உறுமலாகிவிடும். எண்ணக்கூடிய தட்டல்கள் எண்ண முடியாத உறுமலாக மாறுகிற அந்தச் சில வினாடிகள்தான் ஸ்டார்ட்டிங் சத்தம். அதிலும் எந்த சிலிண்டர் முதலில் பற்றும், எது சண்டித்தனம் செய்யும் என்பதை அன்றைய குளிரும், எவ்வளவு பெட்ரோல் உள்ளே போனது என்பதும் தீர்மானிக்கும். ஆகவே நிஜ எஞ்சின் ஒரு நாள் கிளம்பியதுபோல மறுநாள் கிளம்பாது.

சிமுலேட்டர்கள் இதை எப்படிச் செய்தன? 2003ல், ரைட் சகோதரர்கள் பறந்த நூற்றாண்டை ஒட்டி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டரில் டகோட்டாவின் மூல வடிவமான டிசி-3 இருந்தது. அதில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சத்தப் பட்டியல் ஃபைல். ஸ்டார்ட்டர் சத்தம் ஒன்று, எஞ்சின் பற்றும் சத்தம் ஒன்று, அணையும் சத்தம் ஒன்று, ஓடும்போது திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டுகள் சில. கன்ட்ரோல் பட்டனோடு 'ஈ'யைத் தட்டினால் பட்டியல் வரிசையாக ஒலிக்கும். சுற்று கூடினால் அதே துண்டை வேகமாக ஓட்டிச் சுருதியை ஏற்றுவார்கள்.

இந்த வித்தையின் குறை, பழைய எல்.பி. இசைத்தட்டு கேட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். 33ல் ஓட வேண்டிய தட்டை 45ல் ஓட்டினால் பாடகர் குழந்தைக் குரலுக்குப் போய்விடுவார். எஞ்சின் வேகம் கூடும்போது வெடிப்புகள் மட்டுமே நெருங்க வேண்டும். புகைபோக்கிக் குழாயும் தகரக் கூடும் அதே அளவில்தான் இருக்கின்றன. அவற்றின் அதிர்வு குரல் மாறக்கூடாது. பதிவைச் சும்மா வேகப்படுத்தினால் இரண்டும் சேர்ந்து ஏறி, முப்பது லிட்டர் எஞ்சின் மிக்ஸி மாதிரி ஆகிவிடும்.

அதற்குப்பின் நிறைய முன்னேறிவிட்டார்கள். ஏ2ஏ என்ற கம்பெனியின் விமானங்களில் குளிரில் எண்ணெய் கெட்டியாகும், பாட்டரி இறங்கும், பெட்ரோல் 'ஓவர்ஃப்ளோ' ஆகும். நேற்று நீங்கள் எஞ்சினைப் படுத்திய பாடு இன்று தெரியும். டிசிஎஸ் என்ற சிமுலேட்டரின் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டில், தரையில் இருக்கிற ஆளைக் கூப்பிட்டு ஸ்டார்ட்டர் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்ல வேண்டும். இவர்களைப் பாராட்டுகிறேன். சத்தம் துல்லியமாக இருப்பதற்காக மட்டும் அல்ல. எஞ்சின் கிளம்பாமலும் போகலாம் என்று அனுமதித்ததற்காக.

என் புகார் மற்ற பலரின் மேல். மைக் எத்தனை, எங்கே வைத்தோம், எத்தனை பிட் என்று பெருமையாகப் பட்டியல் போடுகிறார்கள். நன்றாகப் பராமரித்த மியூசியம் விமானம், நல்ல வெயில், ஒரே முயற்சியில் கிளம்பிய அருமையான ஸ்டார்ட். அதைப் பதிவு செய்து ஆயுளுக்கும் ஒலிக்கவிடுகிறார்கள். கிளம்பாமல் போன ஸ்டார்ட்களை எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவைதான் தங்கம்.

இதை 1965லேயே ராபர்ட் ஆல்ட்ரிச் புரிந்துவைத்திருந்தார். அவருடைய 'ஃப்ளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' படத்தில் பாலைவனத்தில் விழுந்த விமானத்தின் மிச்சத்தை வைத்து இன்னொன்று கட்டுகிறார்கள். எஞ்சினைக் கிளப்ப இருப்பது ஏழே தோட்டாக்கள். ஒவ்வொன்றாக வீணாகிறது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இக்னிஷனை அணைத்துவிட்டு, சிலிண்டரில் அடைத்திருப்பதைத் துப்புரவாக்க மட்டும் ஒரு தோட்டாவைச் செலவழிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் துடித்துப்போகிறார். அந்தக் காட்சியில் கேட்பதெல்லாம் ஒரு வெடி, ஒரு இருமல், பிறகு அமைதி. அந்த அமைதியும் ஸ்டார்ட்டிங் சத்தத்தில் சேர்த்திதான்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கவலை, நமக்கென்ன என்கிறீர்களா? மலையிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். இரண்டாம் உலகப்போரின்போது கோவை பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்புத் தளம் இருந்தது. தரையில் இருக்கிற தளங்களுக்கும் கப்பல் மாதிரிப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். பீளமேட்டுக்கு எச்.எம்.எஸ். கருடா, சூலூருக்கு எச்.எம்.எஸ். வைரி. திருகோணமலையைத் தளமாகக் கொண்ட கிழக்குக் கடற்படையின் விமானங்களுக்குப் பட்டறை வசதி இங்கே. அந்தக் கடற்படை ஓட்டிய கோர்செயரும் ஹெல்கேட்டும் தோட்டா வெடித்துக் கிளம்பிய ரகம். பஞ்சாலைச் சங்கோடு சேர்த்து இந்தச் சத்தங்களையும் கேட்டு வளர்ந்த கோவைக்காரர்கள் இருந்திருப்பார்கள். அன்று பத்து வயசு என்றால் இன்று தொண்ணூறு. அவர்களிடம் மைக்கோடு போய் யார் கேட்டோம்? பாட்டுக்கு ரெக்கார்டு இருக்கிறது, பேச்சுக்கு இருக்கிறது. ஊர் கேட்ட சத்தத்துக்கு நம்மிடம் ரெக்கார்டு இல்லை.

முழுக்கவும் காலம் தாழ்ந்துவிடவில்லை. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் வீரர்களைக் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாக்களில் ஒன்றின் எண் வி.பி.905. அயர்லாந்தில் பழைய இரும்பாகக் கிடந்த ஒரு டகோட்டாவை, டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரியின் மகனான ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் சீர்செய்து பரிசளித்தார். 2018ல் அது 'பரசுராமா' என்ற பெயரோடும் அதே வி.பி.905 எண்ணோடும் நம் விமானப்படைக்கு வந்தது. யாராவது அதன் பக்கத்தில் மைக்கோடு உட்காருங்கள். மே மாதம் ஒரு தடவை, ஜனவரி விடியலில் ஒரு தடவை. முக்கியமாக, கிளம்பாத தடவைகளை அழித்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். ராத்திரி பூரா மாடியில் ஏதோ நோண்டிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை, வெளியே புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி. அவன் சிமுலேட்டரிலும் வெப்பநிலையைப் பூஜ்யத்துக்கு இறக்கி, ஒரே பட்டனில் கிளப்புகிற வசதியை ஒதுக்கிவிட்டு, ஹார்வர்டை ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் கிளப்பப் பார்த்தான். முனகியது. ஒரு சிலிண்டர் 'டப்' என்றது. நின்றுவிட்டது. மறுபடி. இரண்டு 'டப்'. நின்றுவிட்டது. நானும் அவனும் பேசவில்லை.

கீழேயிருந்து அக்கா குரல் வந்தது: "யார் வண்டிடா அது? இன்னுமா எடுக்கல?"

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.