ஹார்டி விதியும் முறைப்பெண்ணும்

அக்கா மகளைக் கட்டுவது தாய்மாமன் உரிமை என்றே பேசிவந்த ஊர் புதுச்சேரி. ஹார்டி-வீன்பெர்க் விதியை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது.

1908இல் ஸ்டட்கார்ட் மருத்துவர் வீன்பெர்க்கும் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும் தனித்தனியே கண்ட விதி இது: குறுக்கீடு இல்லாவிட்டால் தலைமுறை மாறினாலும் மக்கள்தொகையில் மரபணு விகிதம் மாறாது. (ராமானுஜனின் கடிதம் ஹார்டிக்குக் கிடைக்க இன்னும் ஐந்தாண்டு இருந்தது.) ஓங்கு பண்பு தலைமுறைதோறும் பெருகிவிடாதா என்ற ஐயத்தை வாய்ப்பாட்டுக் கணக்கு ஒன்றால் ஹார்டி தீர்த்துவைத்தார். அந்தச் சிக்கனத்தில் குறை காண இடமில்லை.

குறை பாடநூல்களில் இருக்கிறது. சமவாய்ப்பில் மணம் நடப்பதால்தான் மரபணு விகிதம் மாறாது என்று அவை எழுதும்போது இரண்டு கூற்றுகள் ஒன்றாகிவிடுகின்றன. விகிதத்தைக் காப்பது மெண்டலின் பங்கீடு: பெற்றோர் ஒவ்வொருவரும் தம் இரு பிரதிகளில் ஒன்றைப் பாரபட்சமின்றிக் கடத்துகிறார். தேர்வு, திடீர்மாற்றம், குடிபெயர்வு குறுக்கிடாத பெரிய மக்கள்தொகையில் அதுவே போதும். சமவாய்ப்பு மணம் தீர்மானிப்பது மரபணுக்கள் ஜோடி சேரும் விதத்தை மட்டுமே.

நூற்றில் ஒன்றாக இருக்கும் ஒடுங்கு மரபணுவை எடுத்துக்கொள்வோம். சமவாய்ப்பில் 10,000 குழந்தைகளில் ஒன்றே அதன் இரு பிரதிகளையும் பெறும். எல்லாரும் மாமன்-அக்கா மகள் பிள்ளைகளானால் உட்கலப்புக் கெழு (இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 1/8. எண்ணிக்கை 13ஐத் தாண்டும். அத்தை மகன்-மாமன் மகள் என்றால் ஏழு. ஆனால் அந்த 10,000 குழந்தைகளின் 20,000 பிரதிகளில் அந்த மரபணு எப்போதும் 200தான். புதுச்சேரி உறவுமணத்தின் உடல்நல விளைவுகள் பற்றி ஆய்வாளர்கள் வர்மா, பிரேமா, பூரி 1992இல் எழுதியதைப் படிக்க இந்த வேறுபாடு கையில் இருக்க வேண்டும். நோய் கூடினால் மரபணு பெருகிவிட்டது என்று பொருளல்ல. ஒளிந்திருந்தது ஜோடி சேர்ந்திருக்கிறது.

மாறாத விகிதத்தைக் குறிக்கும் ‘நிலையானது’ என்ற சொல்லும் சற்றே ஏமாற்றுகிறது. கிண்ணத்தில் உருட்டிய கோலி அடிக்குத் திரும்பும். சமதரையில் உருட்டியது போன இடத்தில் நிற்கும். இந்த விதி இரண்டாம் வகை. சிறு சமூகமொன்றில் தற்செயலாய் விகிதம் நகர்ந்தால் மீட்டுவர அதற்குள் எந்த விசையும் இல்லை.

ஆக, காரணம் சொல்லும் கோட்பாடாக இதற்குக் கிடைத்த புகழில் பாதி மெண்டலுடையது. அளவுகோலாக இதற்கு ஈடில்லை. தென்னிந்தியாவில் நூற்றாண்டுகளாக நடந்த உறவுமணம் கேடான ஒடுங்கு மரபணுக்களைக் களைந்திருக்கலாம் என்று மரபியலாளர் எல். டி. சாங்வி 1966இல் வாதிட்டார். ஜோடி சேர்ந்தவை தேர்வுக்கு அகப்படும், அப்போது 200 என்ற எண்ணும் இறங்கும் என்பதே அதன் உட்பொருள். எவ்வளவு இறங்கியது என்று கேட்கவும் ஹார்டியின் மாறாத 200 வேண்டியிருக்கிறது.