அம்மி பறக்குமா? மொட்டைமாடிக் காற்றை அளந்து பார்த்தேன்

"மாப்ள, கண்ணுக்கெட்டின தூரம் காத்தாடி சுத்துது. ஒம் மச்சுல ஒண்ணு சுத்தாதாக்கும்?" என்றார் மாமா.

நியாயமான கேள்வி. தென்காசிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். செங்கோட்டைக் கணவாயில் புகுந்து வரும் மேல்காற்று, குற்றாலத்தில் சாரலைத் தூவிவிட்டு எங்கள் ஊரைத் தாண்டித்தான் அவற்றிடம் போகிறது. ஆடியில் கொடியில் போட்ட துண்டு அடுத்த தெருவில் கிடைக்கும். ஒரு கிலோவாட் வீட்டுக் காற்றாலைக்கு முன்பணம் கட்டப்போகும் நேரத்தில்தான் சந்தேகம் வந்தது: துண்டு பறக்கும் காற்றில் மின்சாரமும் வந்துவிடுமா? காற்றாலையை ஒத்திவைத்துவிட்டு, காற்றை அளக்கும் கருவிகளை வாங்கினேன். ஆனியில் தொடங்கி ஐப்பசி வரை பார்த்தேன். இந்தக் கட்டுரையில் காற்று வேகத்தை 'மீட்டர்' என்று சொல்லும் இடமெல்லாம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கொள்ளுங்கள்.

கையடக்க அனிமோமீட்டர்

டிவி ரிமோட் அளவில் இருக்கும். தலையில் ஒரு சின்ன விசிறி. ஏசி மெக்கானிக் கையில் பார்த்திருப்பீர்கள். விலை 2,000 ரூபாய்க்குள். முதல் நாள் சாயங்காலம் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் நீட்டினேன்: 8.1 மீட்டர்! மாமாவுக்கு உடனே போன் போட்டேன். பிறகு ஐந்தடி உள்ளே வந்து பார்த்தால் 3.4. விசிறியைக் கொஞ்சம் திருப்பினால் 2.

கருவி பொய் சொல்லவில்லை. சுவரில் மோதிய காற்று விளிம்பைத் தாண்டும்போது வேகமெடுக்கும், அதற்குப் பின்னால் சுழலும். பெரிய சிக்கல் வேறு. காற்று அடிக்கும்போதுதான் நாம் மாடிக்கு ஏறுகிறோம்; காற்றே இல்லாத இரவு மூன்று மணியை யாரும் ஏறிப்போய் அளப்பதில்லை. பதிவு செய்யும் வசதி இல்லாத இந்தக் கருவி நம் ஆசையைத்தான் அளக்கிறது. ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட உதவும். காற்றாலை வாங்கலாமா என்று முடிவு செய்ய உதவாது.

கிண்ண அனிமோமீட்டரும் பதிவுப் பெட்டியும்

மூன்று கிண்ணங்கள் எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஒரு காந்த சுவிட்ச் தட்டும். என் கருவியில் நொடிக்கு ஒரு தட்டு என்றால் காற்று மணிக்கு 2.4 கி.மீ. அதை ஒரு இஎஸ்பி32 சர்க்யூட் போர்டில் இணைத்து, பத்து நிமிடச் சராசரியை மெமரி கார்டில் எழுத வைத்தேன். வருடம் முழுக்க ஓடினால் 52,560 பதிவுகள்.

சராசரி மட்டும் இருந்தால் போதாதா? போதாது. நாள் முழுக்க 3 மீட்டர் வீசினாலும் சராசரி 3. பாதி நாள் 6, பாதி நாள் சும்மா இருந்தாலும் சராசரி 3. இரண்டாவது நாளில் காற்றில் இருக்கும் ஆற்றல் முதல் நாளைப் போல நான்கு மடங்கு. ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால் வரும் கணக்கு இது.

கருவியில் குறைகளும் உண்டு. 1 மீட்டருக்குக் கீழே கிண்ணம் அசைவதில்லை. சாரலில் நனைந்த சுவிட்ச் ஒரு தட்டை மூன்றாக எண்ணி, ஒரு நாள் எங்கள் வீட்டில் புயல் அடித்ததாக எழுதி வைத்திருந்தது. இணைப்புக்கு சிலிக்கோன் பூசிய பிறகுதான் சரியானது.

கூடவே செலவில்லாத ஒரு சோதனை. மாடியில் கிண்ணங்களை ஏற்றிய கம்பத்தில் அடிக்கொன்றாகப் பழைய சேலைக் கிழிசல்களைக் கட்டினேன். உச்சியில் இருந்தது ஓரளவு நீட்டிப் பறந்தது. கீழே இருந்தவை மேலும் கீழும் சுழன்று கம்பத்தையே சுற்றிக்கொண்டன. மேற்கே இருக்கும் மூன்று மாடி வீடும் தென்னைகளும் கிளப்பும் சுழல் அது. ஒரு தடையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு மேலேயும், இருபது மடங்கு தூரம் வரையும் காற்று கலங்கியிருக்கும் என்பது காற்றாலைக்காரர்களின் பொதுக்கணக்கு.

குளோபல் விண்ட் அட்லஸ்

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து தரும் இலவச வரைபடம். ஊரைத் தட்டினால் 10 முதல் 200 மீட்டர் உயரம் வரை சராசரிக் காற்று தெரியும். எங்கள் வட்டாரம் நல்ல நிறத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டம் 250 மீட்டர். அதற்குள் என் வீடு, கோவில், தென்னந்தோப்பு மூன்றும் அடங்கிவிடும். வட்டாரத்தைத் தெரிந்துகொள்ளப் பார்க்கலாம். வீட்டுக்கு இதை நம்பக்கூடாது.

வந்த விடை

விளம்பரத்தில் '1 கிலோவாட்' என்று போட்டிருந்தது 12 மீட்டர் காற்றுக்கு. 6 மீட்டரில் அது எட்டில் ஒரு பங்கு, அதாவது 125 வாட். 3 மீட்டரில் 16 வாட். ஒரு எல்இடி பல்பு எரியும். அதற்கும் கீழே சிறிய காற்றாலைகள் பெரும்பாலும் மின்சாரமே தருவதில்லை.

ஆடி முதல் பாதியில் எங்கள் மாடிச் சராசரி 2.9. பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் நாளுக்கு அரை யூனிட் தேறும். ஐப்பசியில் சராசரி 1.3; மின்சாரம் அநேகமாகப் பூஜ்யம். அம்மி பறக்கும் என்று பழமொழி சொன்னது ஆடிக்கு மட்டும். வருடத்தில் மற்ற பதினொரு மாதங்களும் இருக்கின்றன. அதே ஒரு கிலோவாட்டுக்கு சோலார் பேனல் போட்டால் நம் ஊரில் வருடச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். பிரிட்டனில் கட்டடங்களில் பொருத்திய 26 சிறு காற்றாலைகளைக் கண்காணித்து 2009-ல் வெளியான வாரிக் சோதனையிலும், பழுதாகி நின்ற நாட்களையும் சேர்த்தால் ஒரு காற்றாலையின் சராசரி நாளுக்கு 214 வாட்-மணி, அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு.

ஆடி பிற்பாதியில் மட்டும் கருவியைக் கழற்றி மாமாவின் வயலில் 10 மீட்டர் கம்பத்தில் ஏற்றினேன். சுற்றிலும் மரமில்லை, வீடில்லை. சராசரி 6.3. வாரங்கள் வேறு என்பதால் கறாரான ஒப்பீடு இல்லைதான். ஆனாலும் கணக்குப்படி நாளுக்கு ஐந்து யூனிட் வருகிறது, மாடியைப் போலப் பத்து மடங்கு. அடிவானத்தில் சுற்றும் பெரிய காற்றாலைகள் இன்னும் உயரத்தில், கலங்காத காற்றில் நிற்கின்றன. அவை சுற்றுவதைப் பார்த்து என் மாடியை எடை போட்டதுதான் தப்பு.

தீர்ப்பு

தெருவுக்குள் வீடு, பக்கத்தில் மாடி வீடுகள், தென்னை: கருவிகூட வாங்க வேண்டாம், நேராக சோலாருக்குப் போங்கள். திறந்த நிலம் இருந்து, சிறு கிளைகள் பல மாதம் ஓயாமல் ஆடுகின்றன என்றால், கிண்ண அனிமோமீட்டரைக் காற்றாலை நிற்கப்போகும் உயரத்திலேயே கட்டி ஒரு வருடம் ஓடவிடுங்கள். வருடச் சராசரி 5 மீட்டருக்கு மேல் வந்தால் விலை விசாரிக்கலாம். கம்பம், சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட 9 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன்: "காத்தாடி சுத்தும் மாமா. ஆனா எம் மச்சுல இல்ல, ஒங்க வயல்ல."

கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி மாப்ள, கம்பத்துக்குத் துட்டு யாரு குடுப்பா?"