இல்லிக்குடமும் ஒலிப்பதிவும்

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, அன்னம் முதலாக எட்டு உவமைகளை அமைத்தார். கடையாயவருள் ஒருவன் இல்லிக்குடம் போல்வான். ஓட்டைக் குடத்தில் வார்த்த நீர்போல, கேட்ட பாடம் அவன் நெஞ்சில் நில்லாது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியாக நன்னூல் கற்றோர் இவ்வுவமையை நன்கறிவர். உவமை நயமுடையதே. ஆயினும் நீர் ஒழுகியதற்குக் குடத்தைக் குறை கூறினாரன்றி, அது வார்க்கப்பட்ட விரைவை ஆராய்ந்தார் சிலரே.

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு அறிவின்மையன்று என்பது இன்று தெளிந்த உண்மை. அக்குறைபாடுடையான் விரிவுரை மண்டபத்தில் கேட்கவும் வேண்டும். கேட்டதை அக்கணமே எழுதவும் வேண்டும். கையை நோக்கின் செவி தவறும். செவியை நாடின் கை நின்றுவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமும் மருத்துவமும் பயில்வோர்க்கு மற்றுமோர் இடருண்டு. உயர்தரம் வரை தமிழிற் பயின்றோர் பலர் அங்கே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கின்றனர். (குறைபாடு யாதுமில்லாதானும் முதலாண்டில் இல்லிக்குடமாவது இதனாற் போலும்!)

கடைமாணாக்கனைப் பழித்த அந்நன்னூலாரே பாடங்கேட்டலின் வரலாற்றில் வேறொன்று கூறுகின்றார். ஒரு நூலை இருமுறை கேட்டவன் பிழைபடான். மும்முறை கேட்டவன் அதனை முறையறிந்து உரைப்பான் என்பது அவர் துணிபு. ஆகவே ஒருமுறை கேட்டல் எவர்க்கும் போதாது என்பதை அவரே உடன்பட்டவராகின்றார். ஆயின் விரிவுரையாளர் ஒருமுறை உரைத்து நீங்கிய பின், இரண்டாம் முறை கேட்பது எங்ஙனம்? அதற்கு வாய்ப்பளிப்பது ஒலிப்பதிவு. விளங்காவிடத்து நிறுத்தலாம், விரைந்த பகுதியை மெதுவாக ஓடவிடலாம், எழுதுதலைப் பின்னர் வைத்துக்கொண்டு முதலிற் கேட்க மாத்திரம் செய்யலாம். 2020ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் கொள்ளைநோயால் மூடப்பட்டு, விரிவுரைகள் இணையவழி நிகழ்ந்தபோது, பதிவு செய்தல் அரிய வித்தையன்று என்பதும் புலனாயிற்று.

பதிவு கிடைப்பின் மண்டபம் வெறுமையாகும் என்பார் உளர். இவ்வச்சம் முற்றும் தள்ளத்தக்கதன்று. ஆசான் உரைத்தது அனைத்தையும் பழுதறக் கொண்டாலும் புலமையிற் காற்கூறே நிரம்பும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால். பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரை என்பது நன்னூற் கணக்கு. இதன்படி மிகச் சிறந்த பதிவும் காற்கூற்றுக்கு மேல் தராது. கருவி வினாவுக்கு விடையிறாது. கேட்போன் முகம் வாடியதை அறியாது. எனினும் முதற்காலே கைகூடாதவனுக்கு மற்றை முக்காலும் எட்டாக்கனியே.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணங்காட்டி எவரையும் கல்வி நிறுவனத்திற் சேர்க்க மறுத்தல் ஆகாது என்றது. சேர்ந்தபின் அவர் பாடங்கேட்கும் வகையோ பெரும்பாலும் விரிவுரையாளர் கையிலுள்ளது. பதிவைக் குறைபாடுடையார்க்கு மாத்திரம் வழங்கின், கேட்டு வாங்குபவன் வகுப்பார் முன் இல்லிக்குடமெனப் பெயர் பெறுவான். அந்நாணத்தால் வாங்காமலே விடுவாரும் உண்டு. ஆதலின் அதனை வகுப்பார் அனைவர்க்கும் வழங்குதலே தக்கது.