தமிழாய்விதழ்களின் தாக்கம்: எண்ணும் பயில்வும்

தமிழாய்விதழ்கள் சிலவற்றின் முகப்பில், கட்டுரைத் தலைப்புகளுக்கும் மேலாகத் 'தாக்கக் காரணி' என ஓர் எண் இடம்பெறுகிறது. அதனைக் கணக்கிட்டவர் யார், எத்தரவின் அடிப்படையில் கணக்கிட்டனர் என்னும் குறிப்பு பெரும்பாலும் உடன் தரப்பெறுவதில்லை. ஆய்விதழொன்று ஆதாரமின்றி ஒரு செய்தியைத் தன் முகப்பிலேயே அச்சிடுவது முரணன்றோ?

1955இல் 'சயின்ஸ்' இதழில் யூஜின் கார்ஃபீல்டு முன்வைத்த மேற்கோள் அட்டவணைக் கருத்திலிருந்து வளர்ந்தது இக்காரணி. ஓர் இதழ் முந்தைய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், ஓராண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாயின என்பதே அதன் கணக்கு. இந்த ஈராண்டு எல்லை தமிழாய்வின் இயல்புக்கு ஒவ்வாதது. 1894இல் உ.வே.சாமிநாதையர் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பு இன்றைய ஆய்வேடுகளிலும் எடுத்தாளப்பெறுகிறது. தமிழாய்வாளர் பெரிதும் சார்ந்திருப்பதும் நூல்களையே. இதழ்களை மட்டும் எண்ணும் அட்டவணைக்கு நூல்களில் இடம்பெறும் மேற்கோள்கள் புலப்படா.

கல்வியின்மீது ஓர் இதழ் செலுத்திய தாக்கத்திற்குச் 'செந்தமிழ்' தக்க சான்றாகும். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், அடுத்த ஆண்டில் ரா.இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு இவ்விதழைத் தொடங்கியது. அச்சேறாதிருந்த நூல்கள் பல அதன்வழி வெளிவந்தன. அச்சங்கமே தமிழ்க் கல்விச்சாலையும் நடத்தியது. பண்டிதத் தேர்வுகளும் நடத்தியது. எழுதுவோரும் கற்பிப்போரும் பயில்வோரும் ஒரே வட்டத்தில் இயங்கியமையால், இதழில் வந்த ஆராய்ச்சி மாணாக்கரைச் சென்றடையும் வழி குறுகியதாயிருந்தது. தனிநாயக அடிகள் 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' ஆங்கில இதழோ அயல்நாட்டு அறிஞரைத் தமிழாய்வின்பால் ஈர்த்தது. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியதில் அவ்விதழுக்குப் பங்குண்டு. இவ்விரு பயன்களையும் எந்த மேற்கோள் எண்ணிக்கையும் காட்டாது.

இன்றைய நிலை வேறு. ஆய்வேட்டினை அளிக்குமுன் கட்டுரையொன்றேனும் மதிப்பீட்டிதழில் வெளிவரவேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதித்தது. படிக்கப்படுவதற்கன்றி, கணக்கில் சேர்வதற்காகவே எழுதப்படும் கட்டுரைகள் பெருக இத்தகைய விதிகள் இடமளித்தன. 2022 விதிகளில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. 2019இல் வந்த 'கேர்' இதழ்ப்பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஆயினும் பணியமர்த்தத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைகளை எண்ணும் வழக்கம் நீங்கிவிடவில்லை.

பட்டியல் நீங்கியபின் இதழின் தரத்தை அறியும் பொறுப்பு பல்கலைக்கழகங்களிடமும் அவற்றின் துறைகளிடமுமே வந்துள்ளது. ஓர் இதழின் கட்டுரைகள் முதுகலைப் பாடத்திட்டத்தின் பார்வைநூற் பகுதியில் இடம்பெற்றனவா, ஒரு பாடவேறுபாட்டையோ கல்வெட்டு வாசிப்பையோ வகுப்பில் திருத்தின்படிக்க உதவினவா என்பன துறைகள் எளிதில் ஆராயக்கூடியவை. இவற்றினும் நேரானது மதிப்பீட்டாளர் கருத்துரை. முதற்கட்டுரை எழுதும் ஆய்வாளர், சான்றுக்கும் ஊகத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பலவேளைகளில் கற்பது அதன்வழியே. 'ஏற்கப்பட்டது' என்னும் ஒற்றைச் சொல்லோடு மூன்றே நாளில் கட்டுரையை வெளியிடும் இதழ், தன் முகப்பில் எவ்வெண்ணைப் பொறித்திருப்பினும், அவ்வாய்வாளருக்கு எதனையும் கற்பிப்பதில்லை.